ஆண் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் தீங்கற்ற நீர்க்கட்டிகள்: இடமும் பெயரும் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆண் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் நீர்க்கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும், தமிழ்ப் பேச்சு வழக்கில் 'கட்டி' என்னும் ஒரே சொல் நீர்க்கட்டியையும் புற்றுக்கட்டியையும் சீழ்க்கட்டியையும் ஒருங்கே குறிப்பதால், தீங்கற்றதைக் கண்டு அஞ்சுதலும் தீங்கானதை மறைத்து வைத்தலும் ஆகிய இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒரு நீர்க்கட்டியின் மருத்துவப் பொருளைப் பெரிதும் தீர்மானிப்பது அது தோன்றும் இடமே என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. விந்தகத்திற்கு வெளியே, விந்தகத்திற்கு உள்ளே, இடுப்புக் குழியின் உள்ளே என மூன்று இடங்களாகப் பகுத்து, ஒவ்வோரிடத்திலும் தோன்றும் நீர்க்கட்டிகளின் தோற்றம், கண்டறியும் முறை, மருத்துவ முடிவு ஆகியவற்றை விளக்குகிறது. இவற்றின் அடிப்படையில், இடத்தைச் சுட்டும் தமிழ்ப் பெயரீட்டின் தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நீர்க்கட்டி, விந்தகம், எபிடிடைமிஸ், விரைவீக்கம், விந்தணு, மீயொலி ஆய்வு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

'நீர்க்கட்டி' என்னும் சொல் இன்று தமிழ்ப் பொதுமக்களிடையே பெரிதும் அறியப்பட்ட மருத்துவச் சொற்களுள் ஒன்று. ஆயினும் அது பெண்களின் சினைப்பையோடு இணைத்தே அறியப்படுகிறது. செய்தித்தாள்களின் மருத்துவப் பகுதிகளும் தொலைக்காட்சி உரையாடல்களும் இச்சொல்லைப் பெண்நோய்ச் சொல்லாகவே நிலைபெறச் செய்துள்ளன. ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளிலும் நீர்க்கட்டிகள் தோன்றும் என்பதும், அவை அரியன அல்ல என்பதும் போதிய அளவு எழுதப்படவில்லை. எனவே விதைப்பையில் பட்டாணி அளவில் ஒரு திரட்சியைத் தொட்டுணரும் இளைஞன் அதற்கு வைக்கக்கூடிய பெயர் 'கட்டி' என்பது ஒன்றே. அப்பெயர் உடனடியாக நினைவூட்டுவதோ புற்றுநோயை.

அச்சமும் நாணமும் கலந்த இந்நிலை இரண்டு திசைகளில் இட்டுச் செல்கிறது. ஒரு சாரார் தேவையற்ற அறுவை மருத்துவத்தை விரைந்து நாடுகின்றனர். அதனால் மகப்பேற்றுத் திறனுக்கே ஊறு நேரக்கூடும். மற்றொரு சாரார் எவரிடமும் கூறாது காலம் கடத்துகின்றனர். அவர்களுள் சிலருக்கு இருப்பது நீர்க்கட்டியன்று, விரைந்து கவனிக்கப்பட்டால் குணமாகக்கூடிய புற்றுநோய். இவ்விரு பிழைகளையும் தவிர்க்க, எது எங்கே உள்ளது என்னும் தெளிவு முதற்கண் வேண்டும். அத்தெளிவைத் தமிழில் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் நிலை

தமிழில் இவ்வுறுப்பைக் குறிக்க விதை, விரை, அண்டம், பீசம், விந்தகம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. பாடநூல்களில் இன்று 'விந்தகம்' நிலைபெற்றுள்ளது. அதன் நோய்களைக் குறிக்கும் சொற்களோ பெரிதும் வீக்கத்தையே அடிப்படையாகக் கொண்டவை. விரைவீக்கம், விரைவாதம், அண்டவாதம் என்பன மரபு மருத்துவத்திலும் மக்கள் வழக்கிலும் உள்ளன. 'ஓதம்' என்னும் சொல்லும் இவ்வீக்கத்தைக் குறிக்கும். கடலையும் வெள்ளத்தையும் ஈரத்தையும் குறிக்கும் சொல்லே இங்கும் வழங்குவதால், உள்ளே இருப்பது நீர் என்னும் அறிவு மரபில் இருந்தமை உணரப்படுகிறது.

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சங்கிதை இவ்வகை வீக்கங்களை ஏழாகப் பகுக்கிறது. அவற்றுள் நீர் தேங்குவதால் வருவது ஒன்று. குடல் இறங்குவதால் வருவது மற்றொன்று. நீர் தேங்கியதைத் துளையிட்டு வடிக்கும் முறையையும் அந்நூல் கூறுகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் வீக்கத்தை உள்ளிருக்கும் பொருளைக் கொண்டு வேறுபடுத்த வேண்டும் என்னும் அறிவு இந்திய மருத்துவ மரபுக்குப் புதியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயை மையமாகக் கொண்டு தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்தினார், உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறை நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார். அவர் காலத்திற்குப் பின் இம்மரபு தொடர்ச்சியாக வளரவில்லை. அதன் விளைவாக, உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர்கள் இருப்பினும் அவ்வுறுப்புகளில் தோன்றும் நுண்ணிய நோய் வேறுபாடுகளுக்குப் பொதுமக்கள் அறிந்த பெயர்கள் இல்லை.

உறுப்பமைப்பு

நீர்க்கட்டியின் இடத்தை அறிய உறுப்பமைப்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். விதைப்பையினுள் இரு விந்தகங்கள் உள்ளன. உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு அல்லது மூன்று பாகை செல்சியஸ் குறைந்த வெப்பநிலை விந்தணு உற்பத்திக்குத் தேவைப்படுவதால் அவை உடற்குழிக்கு வெளியே அமைந்துள்ளன. ஒவ்வொரு விந்தகமும் முட்டை வடிவானது. ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. நீளமுடையது. அதனை இறுக மூடியிருக்கும் வெண்ணிறத் தடித்த உறை ஒன்று உண்டு. அதற்கு வெளியே, இரண்டு அடுக்குகளாலான மெல்லிய நீருறை விந்தகத்தின் முன்புறத்தையும் பக்கங்களையும் சூழ்ந்துள்ளது. இவ்விரு அடுக்குகளுக்கும் இடையே இயல்பாகவே சில துளிகள் நீர் இருக்கும்.

விந்தகத்தின் நுண்குழல்களில் தோன்றும் விந்தணுக்கள், பத்துக்கும் மேற்பட்ட வெளிச்செல் நுண்நாளங்கள் வழியாக எபிடிடைமிஸை அடைகின்றன. விந்தகத்தின் மேலும் பின்னும் பிறைபோல் படிந்திருக்கும் எபிடிடைமிஸ், தலை, உடல், வால் என மூன்று பகுதிகளையுடையது. சுருண்டு கிடக்கும் அந்த ஒற்றைக் குழலை நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் வரும். விந்தணுக்கள் முதிர்ச்சியும் நீந்தும் திறனும் பெறுவது இக்குழலில்தான். ஒரே குழல் என்பது இங்குக் கருதத்தக்கது. எபிடிடைமிஸின் உடலிலோ வாலிலோ ஓரிடத்தில் வெட்டுப்பட்டாலும் அப்பக்கத்து விந்தணுப் பாதை முழுதும் அடைபட்டுவிடும்.

எபிடிடைமிஸின் வால் விந்து நாளமாகத் தொடர்ந்து, கவட்டை வழியாக இடுப்புக் குழிக்குள் நுழைகிறது. அங்கு விந்துப்பையின் நாளத்தோடு சேர்ந்து விந்து வெளியேற்று நாளமாகி, புராஸ்டேட் சுரப்பியை ஊடுருவிச் சிறுநீர்ப் புறவழியில் திறக்கிறது. இந்நெடும்பாதையின் எந்தப் பகுதியிலும் நீர்க்கட்டி தோன்றலாம். ஆயினும் அதன் பொருள் இடத்திற்கு இடம் வேறுபடும்.

விந்தகத்திற்கு வெளியே தோன்றும் நீர்க்கட்டிகள்

விதைப்பையில் காணப்படும் உண்மையான நீர்க்கட்டிகளுள் மிகுதியானவை எபிடிடைமிஸில், அதிலும் அதன் தலைப்பகுதியில் தோன்றுபவை. இவை இரு வகைப்படும். தெளிந்த நீரை மட்டும் கொண்டது எபிடிடைமிஸ் நீர்க்கட்டி. விந்தணுக்கள் கலந்து பால்போல் கலங்கிய நீரைக் கொண்டது ஸ்பெர்மட்டோசீல் எனப்படும் விந்தணு நீர்க்கட்டி. வெளிச்செல் நுண்நாளங்களில் ஒன்று அடைபட்டோ விரிந்தோ அதன் பின்புறம் நீர் தேங்குவதால் இவை தோன்றுவதாகக் கருதப்படுகிறது. அடிபடுதல், அழற்சி, விந்துநாளத் துண்டிப்பு அறுவை ஆகியவற்றிற்குப் பின்னரும் இவை தோன்றலாம். எனினும் பலரிடத்துக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை.

வேறு காரணத்திற்காக விதைப்பையில் மீயொலி ஆய்வு செய்யப்படும் ஆண்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் வரை இத்தகைய சிறு நீர்க்கட்டிகள் தற்செயலாகக் காணப்படுகின்றன. வயது ஏற ஏற இவை மிகுகின்றன. இந்த அளவிலிருந்து புலனாகும் உண்மை ஒன்று உண்டு: இவற்றையுடைய பெரும்பாலான ஆண்கள் அதனை அறியாமலேயே வாழ்நாளைக் கழிக்கின்றனர். இவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆண்மைக் குறைவை உண்டாக்குவதில்லை. பொதுவாக மகப்பேற்றுத் திறனையும் பாதிப்பதில்லை.

இவ்விரு வகைகளையும் மீயொலிப் படத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்தறிய இயலாது. நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே விந்தணு இருப்பது தெரியும். ஆயினும் இருவகைக்கும் மருத்துவ முடிவு ஒன்றே ஆதலின், பிரித்தறிவதற்காக மட்டும் ஊசி செலுத்துவது தேவையற்றதாகும்.

விதிவிலக்குகள் சில உள. வான் ஹிப்பெல் லிண்டாவ் எனப்படும் மரபுவழி நோயில் எபிடிடைமிஸில் தீங்கற்ற நீர்ப்பைத் திசுக்கட்டி தோன்றும். அது இருபுறமும் காணப்படின், கண், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றையும் ஆய்ந்து பார்க்க வேண்டிய குறிப்பாகக் கொள்ளப்படுகிறது. மற்றொன்று மருந்தியல் வரலாற்றோடு தொடர்புடையது. கருச்சிதைவைத் தடுக்கும் என்னும் நம்பிக்கையில் அமெரிக்காவில் கருவுற்ற பெண்களுக்கு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் வழங்கப்பட்டு வந்தது. 1971இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கருவுற்றோர்க்கு அதனைத் தரலாகாது என அறிவுறுத்தியது. அம்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் ஆண்மக்களிடம் எபிடிடைமிஸ் நீர்க்கட்டிகள் கூடுதலாகக் காணப்பட்டன. கருநிலையில் இயக்குநீர்ச் சூழல் மாறினால் இக்குழல்களின் அமைப்பும் மாறும் என்பதை இது உணர்த்துகிறது.

நீர்க்கட்டி போலத் தோன்றுவன

விதைப்பையின் வீக்கம் யாவும் நீர்க்கட்டி அல்ல. விந்தகத்தின் நீருறை அடுக்குகளுக்கு இடையே இயல்புக்கு மேல் நீர் தேங்குவது ஹைட்ரோசீல். இதுவே மக்கள் வழக்கின் விரைவீக்கம். புதிதாக ஒரு பை தோன்றாமல் இயல்பான உறையினுள்ளேயே நீர் தேங்குவதால் இது நீர்க்கட்டியினின்றும் வேறானது. எபிடிடைமிஸ் நீர்க்கட்டியில் விந்தகத்தைத் தனியாகத் தொட்டுணரலாம். ஹைட்ரோசீலில் விந்தகம் நீரால் சூழப்பட்டிருப்பதால் அவ்வாறு உணர்தல் அரிது.

தமிழ்ப் பகுதிகளில் ஹைட்ரோசீலுக்குத் தனி வரலாறு உண்டு. க்யூலெக்ஸ் கொசுவால் பரவும் யானைக்கால் நோயின் புழுக்கள் நிணநாளங்களில் தங்கி நீர் வடிதலைக் கெடுப்பதால் விரைவீக்கம் உண்டாகிறது. உலகில் 2.5 கோடி ஆண்கள் இந்நோயால் வந்த ஹைட்ரோசீலுடன் வாழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. கும்பகோணம் உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்கள் இந்நோய்க்கு நெடுங்காலம் அறியப்பட்டவை. இலங்கை 2016இல் யானைக்கால் நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிய நாடாக அந்நிறுவனத்தால் ஏற்பிசைவு பெற்றது. இப்பின்னணியினால், இப்பகுதிகளில் விதைப்பை வீக்கம் எதுவாயினும் அதனை 'விரைவாதம்' என ஒரே பெயரில் அடக்கும் பழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஏனைய மூன்றும் சுருக்கமாகக் கூறத்தக்கன. விந்தகத்தின் சிரைகள் புடைத்துச் சுருள்வது வெரிகோசீல், இது பெரும்பாலும் இடப்புறம் தோன்றும், ஏறத்தாழ 15 விழுக்காடு ஆண்களிடம் உண்டு, படுத்தால் குறையும். குடலிறக்கத்தில் வீக்கம் கவட்டையிலிருந்து தொடர்ந்து வரும், இருமும்போது உந்தும். பிறவியில் மூடவேண்டிய உடற்குழித் தொடர்பு மூடாமையால் குழந்தைகளுக்கு வரும் நீர்வீக்கம் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும்.

விந்தகத்தின் உறையிலும் உள்ளும் தோன்றுவன

விந்தகத்திற்கு வெளியே உள்ள நீர்க்கட்டி ஏறத்தாழ எப்போதும் தீங்கற்றது. விந்தகத்தின் உள்ளே உள்ள திரட்சியோ, வேறாக மெய்ப்பிக்கப்படும் வரை ஐயத்திற்குரியது. இட வேறுபாடு பொருள் வேறுபாடாகும் இடம் இதுவே.

விந்தகத்தின் வெண்ணிற உறையில் தோன்றும் நீர்க்கட்டி சில மில்லிமீட்டர் அளவினது. நடு வயதினரிடையே மிகுதியாகக் காணப்படும். சிறு அரிசிமணி போலக் கடினமாகத் தட்டுப்படுவதால் இது நோயாளரைப் பெரிதும் அச்சுறுத்தும், ஆயினும் தீங்கற்றது. விந்தகத்தின் திசுவினுள் தோன்றும் எளிய நீர்க்கட்டிகள் பொதுவாகத் தொட்டால் தெரிவதில்லை. மீயொலி ஆய்வில் தற்செயலாகவே அறியப்படுகின்றன. சுவர் மெல்லியதாகவும், உள்ளீடு முழுவதும் தெளிந்த நீராகவும், திண்மப் பகுதி எதுவும் இன்றியும் இருந்தால் அவற்றைக் கண்காணித்தலே போதுமானது. சுவர் தடித்தோ உள்ளே திசு வளர்ந்தோ இருந்தால் அது வேறு பொருள் தரும். நீர்ப்பகுதியை உடைய புற்றுக்கட்டிகளும் உள்ளமையே காரணம்.

எபிடெர்மாய்டு நீர்க்கட்டி இவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது. விந்தகத் திசுக்கட்டிகளுள் ஏறத்தாழ ஒரு விழுக்காடு இதுவாகும். இதனுள் நீரன்றி, தோல் உதிர்வதால் சேரும் கெரட்டின் என்னும் பொருள் அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். எனவே மீயொலிப் படத்தில் வெட்டிய வெங்காயத்தின் வளையங்களைப் போலத் தோன்றும், குருதியோட்டம் இராது. முற்காலத்தில் புற்றுநோய் என்னும் ஐயத்தால் இதற்காக விந்தகம் முழுவதும் அகற்றப்படுவதுண்டு. இன்று இத்தோற்றத்தை முன்னரே அறிந்துகொண்டால், கட்டியை மட்டும் நீக்கி விந்தகத்தைக் காக்க இயலும். சரியான பெயரை உரிய காலத்தில் வைப்பதால் ஓர் உறுப்பே காக்கப்படுகிறது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

இவற்றிலிருந்து வேறுபடுத்தப்பட வேண்டியது விந்தகப் புற்றுநோய். ஏறத்தாழ 15 முதல் 40 வயது வரையான ஆண்களிடையே மிகுதியாகத் தோன்றும் இது பெரும்பாலும் வலியற்றது. விந்தகத்தோடு ஒன்றிய கடினத் திரட்சியாக இருக்கும். விதைப்பைக்குள் இறங்காத விந்தகம் உடையோர்க்கு இதன் வாய்ப்புக் கூடுதல். 1970களில் சிஸ்பிளாட்டின் மருந்து பயன்பாட்டிற்கு வந்தபின், பரவிய நிலையிலும் குணமாகக்கூடிய புற்றுநோய்களுள் ஒன்றாக இது ஆயிற்று. தொடக்க நிலையில் அறியப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆகவே இந்நோயில் உயிரிழப்புக்கு வழிகோலுவனவற்றுள் நாணத்தால் நேரும் காலத்தாழ்வும் ஒன்றாகும்.

இடுப்புக் குழியில் தோன்றும் நீர்க்கட்டிகள்

மூன்றாம் வகை கைக்குத் தட்டுப்படாதது. இதன் வேர் கருவளர்ச்சியில் உள்ளது. தொடக்கத்தில் ஆண் கரு, பெண் கரு இரண்டிலும் உல்ஃபியன், முல்லேரியன் என்னும் இருவகை நாளங்கள் உள்ளன. ஆண் கருவில் உல்ஃபியன் நாளம் எபிடிடைமிஸாகவும் விந்து நாளமாகவும் விந்துப்பையாகவும் வளர, முல்லேரியன் நாளம் மறைகிறது. இம்மறைவு விந்தகம் சுரக்கும் ஒரு பொருளால் நிகழ்வதை 1940களில் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் முயற்கருக்களில் செய்த ஆய்வுகளால் நிறுவினார். மறையவேண்டிய நாளத்தின் எச்சம் புராஸ்டேட்டின் நடுக்கோட்டில் தங்கி நீர்க்கட்டியாகலாம். புராஸ்டேட்டின் நடுவிலுள்ள சிறு குழிப்பை விரிந்தும் அதே இடத்தில் நீர்க்கட்டி தோன்றலாம். சிறுநீர்த்துளை இடம் மாறி அமைந்த பிறவிக் குறையுடையோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இவை சிறியனவாயின் தொல்லை தருவதில்லை. பெரியனவாகி இருபுறமும் செல்லும் விந்து வெளியேற்று நாளங்களை அழுத்தினால் மகப்பேறின்மைக்குக் காரணமாகலாம். இதனை அறியும் வழி நுட்பமானது. விந்துநீரின் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்து வருகிறது. அது காரத்தன்மையும் ஃபிரக்டோஸ் சர்க்கரையும் கொண்டது. வெளியேற்று நாளங்கள் இரண்டும் அடைபட்டால் எஞ்சுவது புராஸ்டேட்டின் அமிலத்தன்மையுள்ள சுரப்பு மட்டுமே. ஆகவே விந்துநீர் அளவில் குறைந்து, அமிலமாகி, ஃபிரக்டோசும் விந்தணுவும் இன்றிக் காணப்படும். 2021ஆம் ஆண்டின் உலக நலவாழ்வு நிறுவனக் கையேடு விந்துநீர் அளவின் கீழ்வரம்பாக 1.4 மி.லி. எனக் குறிக்கிறது. அதனினும் குறைந்த அளவும் விந்தணுவின்மையும் சேர்ந்து காணப்படின், விந்து நாளம் பிறவியிலேயே அமையாத நிலையையும், நாளங்களை அடைக்கும் நீர்க்கட்டியையும் கருதிப் பார்த்தல் வேண்டும். மலக்குடல் வழி மீயொலி ஆய்வு அல்லது காந்த ஒத்திசைவுப் படம் நீர்க்கட்டியைக் காட்டும். சிறுநீர்ப் புறவழியூடாக உள்நோக்கியால் அதனைத் திறந்துவிட்டால் அடைப்பு நீங்கி, தகுதியான நோயாளர் சிலர்க்கு இயல்பான கருவாக்கம் கைகூடுகிறது. தீங்கற்ற நீர்க்கட்டி ஒன்று குடும்ப வாழ்வின் பெருங்கவலைக்குக் காரணமாவதும், அதனை நீக்கினால் அக்கவலை நீங்குவதும் இவ்விடத்தில்தான்.

விந்துப்பையில் தோன்றும் நீர்க்கட்டியும் கருத்தக்கது. சிறுநீர்க்குழாய் அரும்பும் விந்துப்பையும் ஒரே உல்ஃபியன் நாளத்திலிருந்து தோன்றுவதால், அந்நாளத்தின் வளர்ச்சிக் குறை இரண்டையும் ஒருங்கே பாதிக்கிறது. ஒருபுறம் சிறுநீரகம் அமையாமல், அதே புறத்தில் விந்துப்பை நீர்க்கட்டியும் வெளியேற்று நாள அடைப்பும் காணப்படும் நிலை, அதனை 1914இல் விளக்கியவரின் பெயரால் ஜின்னர் தொகுப்பு எனப்படுகிறது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்த ஆணிடம் மகப்பேறின்மையோ விந்தில் குருதியோ காணப்பட்டால் இந்நீர்க்கட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்டறியும் முறை

விதைப்பையிலுள்ள வீக்கத்தை ஆராயும் மருத்துவர் மூன்று வினாக்களுக்கு விடை தேடுகிறார். வீக்கத்தின் மேல் எல்லையைக் கையால் உணர முடிகிறதா? முடியாவிடின் குடலிறக்கமாகலாம். விந்தகத்தினின்றும் அது தனித்து உள்ளதா? தனித்து, மேலும் பின்னும் அமைந்திருந்தால் எபிடிடைமிஸ் நீர்க்கட்டியாகலாம். ஒளி ஊடுருவுகிறதா? இருண்ட அறையில் சிறு விளக்கை வீக்கத்தின் ஒருபுறம் வைத்தால், தெளிந்த நீரின் ஊடே ஒளி பரவிச் செந்நிறமாகத் தோன்றும். திண்மக் கட்டியில் அவ்வாறு தோன்றாது. செலவற்ற இவ்வெளிய சோதனைகளைச் சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யலாம்.

எனினும் இவை முடிந்த முடிபல்ல. விந்தகப் புற்றுநோய் உடையோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்க்கு அதனைச் சுற்றி நீரும் தேங்குகிறது; ஒளி ஊடுருவும் நீருக்குப் பின் புற்றுக்கட்டி மறைந்திருக்கலாம். எனவே இளம் வயதினரிடம் புதிதாகத் தோன்றிய நீர்வீக்கத்திற்கு மீயொலி ஆய்வு தேவைப்படுகிறது. அவ்வாய்வில் திண்மக் கட்டி தெரிந்தால் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் முதலிய குருதிக் குறிகாட்டிகள் அளக்கப்படும்.

விதைப்பைக் கட்டியில் ஊசி செலுத்திப் பார்ப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பதன் காரணமும் உறுப்பமைப்பில் உள்ளது. விந்தகம் கருவில் வயிற்றுப் பகுதியில் தோன்றிப் பின் கீழிறங்குவதால் அதன் நிணநீர் வயிற்றினுள் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்குச் செல்கிறது. விதைப்பைத் தோலின் நிணநீரோ கவட்டைக் கணுக்களுக்குச் செல்கிறது. கட்டி புற்றாயின், தோலின் வழியே செலுத்தும் ஊசி நோய்க்குப் புதிய பாதையைத் திறந்துவிடக்கூடும். புற்றுநோய் ஐயத்தில் விந்தகத்தைக் கவட்டை வழியாகவே அகற்றுவதும் இதனாலேயே.

திடீரென்று கடும் வலியோடு தோன்றும் வீக்கம் முற்றிலும் வேறானது. அது விந்தக முறுக்கமாயின், ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் முறுக்கை நீக்கினால்தான் விந்தகத்தைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. அங்குக் காத்திருத்தல் கூடாது.

மருத்துவமும் மருத்துவம் செய்யாமையும்

தொல்லை தராத எபிடிடைமிஸ் நீர்க்கட்டிக்கு உரிய மருத்துவம், அதனை அவ்வாறே விட்டுவிடுதல். இது கைவிடுதலாகாது, ஆராய்ந்து எடுக்கப்படும் முடிவு. கட்டி என்றால் அகற்றியே தீர வேண்டும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தாது.

நீர்க்கட்டி பெரிதாகிப் பாரமோ வலியோ தந்தால் அறுவை மருத்துவம் கருதப்படும். குருதிக்கட்டு, தொற்று, மீளத் தோன்றுதல், நீடித்த வலி ஆகியன அதன் பின்விளைவுகளாகலாம். இவற்றினும் முதன்மையானது எபிடிடைமிஸ் குழல் காயமுறுதல். நீர்க்கட்டியின் சுவர் அக்குழலோடு ஒட்டியிருப்பதால், கவனத்தோடு செய்யும் அறுவையிலும் இது நேரலாம். எனவே இன்னும் குழந்தைப் பேற்றை விரும்பும் ஆண்களிடம் இவ்வறுவையைத் தள்ளிப்போடுமாறு அறிவுறுத்தப்படுகிறது. நீரை ஊசியால் வடித்தால் அது பெரும்பாலும் மீண்டும் சேரும். வடித்தபின் சுவரை ஒட்டச் செய்யும் மருந்தைச் செலுத்தும் முறையில் எபிடிடைமிஸ் அழற்சியுற்று வடுவாகும் வாய்ப்புள்ளமையால், அதுவும் மகப்பேற்றை விரும்புவோர்க்கு ஏற்றதன்று. ஊறு செய்யாத ஒன்றை அகற்றப்போய் மகப்பேற்றுத் திறனை இழக்க நேர்வதே தேவையற்ற அறுவையின் உண்மையான இடர்.

பெயரீடு குறித்த கருத்து

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், 'நீர்க்கட்டி' என்னும் சொல்லுக்கு முன் இடத்தைச் சுட்டும் அடை சேர்த்து வழங்குவது பயன்தரும் என்பது புலனாகிறது. எபிடிடைமிஸ் நீர்க்கட்டி, விந்தணு நீர்க்கட்டி, விந்தக உறை நீர்க்கட்டி, விந்தக உள் நீர்க்கட்டி, புராஸ்டேட் நடுக்கோட்டு நீர்க்கட்டி, விந்துப்பை நீர்க்கட்டி என்னும் பெயர்கள் கேட்ட அளவிலேயே இடத்தை உணர்த்துவன. அவற்றுள் விந்தணு நீர்க்கட்டி மட்டும் உள்ளிருக்கும் பொருளால் பெயர்பெற்றது. ஹைட்ரோசீலை 'விரைவீக்கம்' என்றும், திண்மத் திரட்சியைத் 'திசுக்கட்டி' என்றும் வழங்கினால் நீர்க்கட்டி என்னும் சொல் தன் வரையறையில் நிற்கும். 'எபிடிடைமிஸ்' போன்று பாடநூல்களில் பதிந்துவிட்ட பிறமொழிச் சொற்களை அவ்வாறே ஏற்பதில் இழப்பில்லை. பெயர் முழுத்தமிழாக இருத்தலினும், நோயாளரும் மருத்துவரும் ஒன்றையே கருதிப் பேச உதவுவதாக இருத்தல் இங்கு முதன்மையானது.

முடிவுரை

ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் அவை ஒரே பொருளுடையன அல்ல. விந்தகத்திற்கு வெளியே உள்ளவை கண்டறிந்து, தொல்லையின்றேல் விட்டுவிடத்தக்கவை. விந்தகத்தினுள் உள்ளவை திண்மப் பகுதியின்மையை உறுதி செய்து கண்காணிக்கத்தக்கவை. இடுப்புக் குழியில் உள்ளவை, மகப்பேறின்மையின் காரணம் தேடும்போது நினைவில் கொள்ளத்தக்கவை. தன் உடலில் புதிய திரட்சி ஒன்றை உணரும் ஆண், அதற்குப் பெயர் வைக்க வேண்டியவன் அல்லன். அதனை மருத்துவரிடம் தயக்கமின்றிக் கூறவேண்டியவன். அத்தயக்கத்தைக் குறைக்கும் சொற்களைத் தமிழில் வழங்குதல் மருத்துவத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் பொதுவான பணியாகும். கல்லூரி நலவாழ்வுப் பாடங்களிலும் மருத்துவமனை அறிவிப்புகளிலும் இவ்வேறுபாடுகள் தமிழில் இடம்பெறுதல் அப்பணியின் முதற்படியாக அமையும்.